வண்டி ஓட்டுவதில் வயசும் ஆண்–பெண் வித்தியாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறேன். இருபது வயசுப் பையன்கள், கல்யாணமாகி முதல்முறை ஸ்டீயரிங் பிடிக்கும் பெண்கள், ரிட்டையர் ஆனபின் கார் வாங்கியவர்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். கூடவே அவர்களுடைய அப்பா, அம்மா, மருமகன், மருமகளும் வருகிறார்கள். கிளட்ச், கியர் பற்றிய சந்தேகம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். கீழே இருக்கும் சந்தேகங்கள் தீருவதில்லை. அதனால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

1. மாஸ்டர், ரோட்டுல அதிகமா சாகறது ஆம்பளையா பொம்பளையா?

ஆண்கள். அதில் சந்தேகமே இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 4,61,312 விபத்துகள் நடந்தன, 1,68,491 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் நூற்றுக்கு 86 பேர் அளவுக்கு ஆண்கள். நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்றில்லை. உலக அளவிலும் சாலையில் ஒரு பெண் இறந்தால் ஏறக்குறைய மூன்று ஆண்கள் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

தமிழ்நாட்டைத் தனியாகக் கேட்பவர்களுக்கு: அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம், 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்.

2. எந்த வயசுக்காரங்க அதிகம்?

அதே 2022 கணக்கில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் 18 முதல் 45 வயசுக்குள் இருப்பவர்கள். சம்பாதிக்கிற வயசு, குழந்தை பெறுகிற வயசு, அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வயசு. 18 வயசு ஆகாதவர்கள் மட்டும் 9,528 பேர். ஒரு நாளைக்கு 26 பிள்ளைகள்.

உலகம் முழுக்க 5 முதல் 29 வயசு வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே சாலை விபத்துதான். எந்த நோயும் அந்த வயசில் இத்தனை பேரைக் கொண்டுபோவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னால் பலரும் நம்பாமல் பார்ப்பார்கள். காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிற நாம், பைக் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

3. அப்போ பொம்பளைங்கதான் நல்லா ஓட்டுறாங்கன்னு எடுத்துக்கலாமா?

முதல் கேள்வியின் எண்ணிக்கையை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. நம் நாட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. லாரி, பஸ், டெம்போ, ராத்திரி டூட்டி, டெலிவரி வேலை என்று ரோட்டிலேயே கிடப்பவர்கள் ஆண்கள். அதிக நேரம் ரோட்டில் இருப்பவருக்கு அடிபடும் வாய்ப்பும் அதிகம். எனவே ஓட்டும் தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தூரத்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்த நாடுகளிலும், உயிர் போகிற அளவுக்கு நடக்கும் விபத்துகளில் ஆண்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். வேகம், குடி, பெல்ட் போடாதது ஆகிய மூன்றும் ஆண்களிடம் அதிகம் என்பதே காரணம். உரசல், பம்பர் இடி மாதிரிச் சின்ன விபத்துகளில் இந்த வித்தியாசம் குறைந்துபோகும், சில சமயம் தலைகீழாகவும் மாறும். அதற்கும் ஒரு காரணம் உண்டு. குறைந்த தூரம் ஓட்டுபவர் பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டுகிறார். கடைத்தெரு, பள்ளிக்கூட வாசல், பார்க்கிங் என்று உரசுவதற்கு ஏற்ற இடமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நூறு கிமீ போகிறவர் அத்தனை சந்திப்புகளைத் தாண்டுவதில்லை.

4. லேடீஸ் ஸ்கூட்டி ஓட்டினா பிரேக்குக்குப் பதிலா காலை ஊனுவாங்களே, அது உண்மைதானே?

நான் சொல்லிக்கொடுத்த பெண்களில் கால் ஊன்றுகிறவர்கள் இருந்திருக்கிறார்கள், ஆண்களும் இருந்திருக்கிறார்கள். முதல் பத்து நாள் எல்லோரும் ஊன்றுவார்கள். பையன் அந்தப் பத்து நாளை பதிமூன்று வயசில், தெருவில், யாரும் பார்க்காதபோது மாமாவின் பைக்கில் கழித்துவிடுகிறான். பெண்ணுக்கு அந்தப் பத்து நாள் முப்பது வயசில், ஊரே பார்க்கிற நேரத்தில், பின்னால் ஹாரன் அடிக்கிற டிராஃபிக்கில் வருகிறது. இதுதான் வித்தியாசம்.

பயிற்சி குறைவாக இருப்பதைப் பெண் என்பதால் வரும் குறையாகப் பார்க்காதீர்கள். என்னிடம் கார் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் வாங்கி, அதன்பிறகு இரண்டு வருஷம் வண்டியைத் தொடாத பெண்கள் நிறையப் பேர். கேட்டால், "அவர் பக்கத்துல உட்கார்ந்து கத்துறார் அண்ணா, எதுக்குன்னு விட்டுட்டேன்" என்பார்கள். கத்தினால் யாருக்கும் கை நடுங்கும். மனைவிக்கோ மகளுக்கோ வண்டி பழக ஆசை இருந்தால், ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காலியான ரோட்டில் அழைத்துப்போய், வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். இருபது ஞாயிறு போதும்.

5. பசங்க மட்டும் ஏன் இப்படிப் பறக்கிறாங்க? ரத்தம் சூடா?

மூளை இன்னும் முழுசாகப் பழுக்கவில்லை என்பது ஒரு காரணம். பின்விளைவை யோசித்து நிறுத்துகிற முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. பரபரப்பைத் தேடுகிற பகுதி அதற்கு முன்பே வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. இது இரண்டு பாலருக்கும் பொது. ஆனால் பையன்களிடம் பரபரப்புத் தேடல் கூடுதலாகவே வெளிப்படுகிறது.

யார் பார்க்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு: மஞ்சள் விளக்கு எரிகிறது, இன்னும் கொஞ்ச தூரம் போகலாமா, நிறுத்தலாமா? தனியாக விளையாடியபோது பதின்வயதுப் பிள்ளைகள் ஓரளவு ஜாக்கிரதையாக இருந்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது அவர்கள் எடுத்த ரிஸ்க் எகிறியது. வளர்ந்தவர்களிடம் அந்த மாற்றம் பெரிதாக இல்லை. நிஜ ரோட்டிலும் இப்படித்தான். 16, 17 வயசு அமெரிக்க ஓட்டுநர்களைப் பற்றி 2012-இல் வந்த ஓர் ஆய்வில், காரில் இன்னொரு இளைஞர் ஏறினால் ஓட்டுபவர் சாகும் அபாயம் ஏறக்குறைய பாதி கூடியது, இரண்டு பேர் ஏறினால் இரட்டிப்பானது, மூன்று பேர் ஏறினால் நான்கு மடங்கானது. 35 வயசுக்கு மேற்பட்ட ஒருவர் உடன் இருந்தால் அதே அபாயம் பாதிக்கும் கீழே போனது.

நம் ஊர் டிரிபிள்ஸையும், ஈசிஆரில் ஞாயிற்றுக்கிழமை பைக் ரேஸையும், மொபைல் கேமராவுக்காகச் செய்யும் வீலிங்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இப்போது பார்க்கிறவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, போனுக்குள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 2023-இல் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த ஒரு யூடியூபரின் லைசென்ஸைப் பத்து வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அடுத்த வாரமே என் வகுப்பில் ஒரு பையன், "ஆனா செமையா ஓட்டுவார் சார்" என்றான். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

6. சின்னப் பசங்களுக்கு ரிஃப்ளெக்ஸ் நல்லா இருக்குமே, டக்குன்னு பிரேக் அடிச்சிடுவான்ல?

கை கால் வேகம் இருக்கும், உண்மைதான். ஆனால் எங்கே ஆபத்து வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிவதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது. பஸ் நின்றிருந்தால் அதன் முன்பக்கத்திலிருந்து யாராவது குறுக்கே வரலாம், பந்து உருண்டு வந்தால் பின்னால் குழந்தை வரும், நின்ற காரின் கதவு திறக்கலாம் என்பதெல்லாம் ஓட்டி ஓட்டித்தான் வரும்.

கணக்கைப் பாருங்கள். 60 கிமீ வேகத்தில் ஒரு விநாடிக்கு 17 மீட்டர் போகிறோம், 80-இல் 22 மீட்டர். எவ்வளவு சுறுசுறுப்பான பையனும் பார்த்து, புரிந்து, பிரேக்கைத் தொட ஒரு விநாடி எடுக்கும். அதற்கப்புறம் டயர் பிடித்து நிற்கிற தூரம் வேறு. வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் நான்கு சதவீதம் கூடுகிறது. 2022-இல் நம் நாட்டில் இறந்தவர்களில் 71 சதவீதம் பேர் அதிவேகத்தால் நடந்த விபத்துகளில் இறந்தவர்கள்.

7. பையனுக்குப் பதினாறு முடிஞ்சது, டியூஷனுக்கு மட்டும் ஸ்கூட்டி குடுக்கலாமா? பக்கத்துத் தெருதான்.

கூடாது. சட்டப்படி 16 வயசில் கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் எடுக்கலாம். நீங்கள் வீட்டில் வைத்திருக்கும் ஸ்கூட்டர் 100, 110, 125 சிசி. அதற்கு 18 ஆக வேண்டும். பதிவும் லைசென்ஸும் தேவைப்படாத, 25 கிமீக்கு மேல் போகாத சின்ன எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் உண்டு. ஆனால் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நடுவே அதையும் அனுப்பாதீர்கள்.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாது. 18 ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர்தான் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப்போனான் என்று சொன்னால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

2024 மே மாதம் புனேயில் 17 வயசுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்ததும், முதலில் அவனுக்கு 300 சொல்லில் கட்டுரை எழுதும் நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்ததும் நாடே பேசிய விஷயம். அதைப் படித்துக் கொதித்த பெற்றோர் சிலரே மறுநாள் என்னிடம் இந்த ஏழாம் கேள்வியைக் கேட்டார்கள். காரின் விலை வேறு, அவ்வளவுதான்.

8. பதினெட்டு முடிஞ்சிடுச்சு, பைக் வாங்கித் தரலைன்னா சாப்பிட மாட்டேங்கிறான். என்ன செய்யறது?

வாங்கிக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் வீட்டு முடிவு. கொடுத்தால் படிப்படியாகக் கொடுங்கள். நியூசிலாந்து 1987-இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது: புதிதாக லைசென்ஸ் எடுப்பவர் எடுத்த உடனே எல்லா நேரமும், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஓட்ட முடியாது. முதலில் பெரியவர் கூட இருக்க வேண்டும், பிறகு ராத்திரிக்கும் நண்பர்களை ஏற்றுவதற்கும் கட்டுப்பாடு, கடைசியில் முழு உரிமை. பல நாடுகள் இதைப் பின்பற்றி இளைஞர் விபத்தைக் குறைத்தன. நம் ஊரில் எட்டுப் போட்டுக் காட்டினால் அன்றைக்கே எல்லா உரிமையும் கையில் வந்துவிடுகிறது.

அதனால் அந்தப் படிகளை வீட்டில் நீங்களே வையுங்கள். நான் பெற்றோரிடம் சொல்வது: முதல் வருஷம் 125 சிசிக்கு மேல் வேண்டாம், முதல் ஆறு மாதம் பின்னால் நண்பன் உட்காரக் கூடாது (ஐந்தாம் பதிலைப் பையனுக்கே படித்துக் காட்டுங்கள்), இரவு ஒன்பதுக்குள் வண்டி வீட்டுக்கு வர வேண்டும். இன்னொன்று, அப்பா தன் வண்டியில் எப்படிப் போகிறார் என்பதைப் பையன் எட்டு வயசிலிருந்து டேங்க் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். சிக்னலில் சிவப்பைத் தாண்டிய அப்பா சொல்கிற விதி அவன் காதில் ஏறாது.

9. நான் பின்னாடிதானே உட்கார்றேன், எனக்கெதுக்கு ஹெல்மெட்?

இதை அதிகம் கேட்பது பெண்கள். கேட்க வைத்தது நாம்தான். டெல்லியில் 2014 வரை பின்னால் உட்காரும் பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமே இல்லை. தலைமுடி, பூ, கொண்டை என்று காரணம் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இருவரும் அணிய வேண்டும் என்று கடுமையாக்கினார்கள். ஆனால் இன்றும் பாருங்கள், கணவர் தலையில் ஹெல்மெட், மனைவி தலையில் முந்தானை, மடியில் குழந்தை.

2022-இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஹெல்மெட் போட்டால் சாவின் அபாயம் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தின் அபாயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது. பின்னால் இருப்பவருக்குப் பிடிக்க ஹேண்டில்பார் இல்லை, பிரேக் அடிக்கப்போவது முன்கூட்டித் தெரியாது, ஒருபக்கமாக உட்கார்ந்தால் உடம்பைச் சமாளிக்கவும் முடியாது. ஸ்பீட் பிரேக்கரில் தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் அவர்தான்.

முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கும். பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி, நாம் சேலை கார்டு என்கிறோம். அழகுக்காக அதைக் கழற்றிப்போடும் பையன்கள் அம்மாவைப் பின்னால் ஏற்றும்போது யோசிக்க வேண்டும். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். நான்கு வயசுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.

10. கார்ல பெல்ட் போட்டுட்டா ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே பாதுகாப்புதானே?

பெல்ட் எல்லோரையும் காப்பாற்றும், கட்டாயம் போடுங்கள். ஆனால் சமமாகக் காப்பாற்றுவதில்லை. பெல்ட் அணிந்த ஓட்டுநர்களை ஒப்பிட்டு 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரே மாதிரி மோதலில் பெண்ணுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு 47 சதவீதம் அதிகம் என்றது. மோதல் சோதனைக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் பொம்மை சராசரி ஆணின் உடம்பை அளந்து செய்தது. பெண் பொம்மை என்று வைத்தது ஐந்தடிக்கும் குறைவான, ஐம்பது கிலோகூட இல்லாத உருவம். சராசரிப் பெண்ணின் உடல்வாகில் பொம்மையை ஸ்வீடன் ஆய்வாளர் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு 2022-இல்தான் காட்டியது.

கார் கம்பெனிகள் மாறும்வரை நாம் செய்யக்கூடியது சீட்டைச் சரிசெய்வது. உயரம் குறைந்தவர்கள் பெடல் எட்டுவதற்காக ஸ்டீயரிங்கை ஒட்டி உட்காருவார்கள். ஏர்பேக் விரிய இடம் வேண்டும், நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே பத்து அங்குலமாவது இருக்கட்டும். சீட்டை உயர்த்துங்கள். கர்ப்பிணிகள் கீழ்ப் பெல்ட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் போட வேண்டும்.

11. அப்பாவுக்கு எழுபத்திரெண்டு. சாவியை வாங்கி வெச்சிடலாமா?

வயசை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அறுபதுகளில் இருப்பவர்கள் பொதுவாகப் பாதுகாப்பான ஓட்டுநர்கள். வேகம் போக மாட்டார்கள், இருட்டில் தவிர்ப்பார்கள். எழுபதைத் தாண்டியபின் தூரக் கணக்கில் அபாயம் மறுபடி ஏறுகிறது. அதற்குப் பாதிக் காரணம் உடம்பு. இருபது வயசுக்காரன் எழுந்து தட்டிவிட்டுப் போகிற அடியில் முதியவரின் இடுப்பு உடைகிறது. மீதிக் காரணம் கண்ணும் கழுத்தும்: எதிரே ஹை பீம் வந்தால் கண் கூசுவது, திரும்பிப் பார்க்கக் கழுத்து வராதது, வலப்பக்கம் திரும்பும்போது எதிர்வண்டியின் வேகத்தைத் தப்பாகக் கணிப்பது.

நம் நாட்டில் 40 தாண்டினால் மருத்துவச் சான்று, 55 தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பித்தல். ஜப்பானில் 75 தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது நினைவாற்றல் சோதனை எழுத வேண்டும், விதிமீறல் இருந்தால் 2022 முதல் ஓட்டியும் காட்ட வேண்டும். நீங்களே அப்பாவோடு ஒருநாள் பயணம் போங்கள். பழகின ரோட்டில் வழி தப்புகிறதா, வண்டியில் புதுக் கீறல்கள் இருக்கின்றனவா, இண்டிகேட்டர் மறக்கிறதா என்று பாருங்கள். முதலில் கண்புரை பார்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் நன்றாக ஓட்டுகிற பெரியவர்களை எனக்குத் தெரியும். நிறுத்தத்தான் வேண்டும் என்றால், கோயிலுக்கும் பேங்குக்கும் யார் கூட்டிப்போவது என்று முதலில் ஏற்பாடு செய்துவிட்டுப் பேசுங்கள்.

12. பொண்ணுங்களுக்கு இன்சூரன்ஸ் கம்மியா வருமா?

இங்கே பிரீமியம் வண்டியை வைத்துத்தான். ஐரோப்பாவில் முன்பு இளம்பெண்களுக்குக் குறைவாக வாங்கினார்கள். பாலினத்தை வைத்து விலை வைக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011-இல் சொன்னது, 2012 டிசம்பர் 21 முதல் அது நின்றது.

13. இப்போ பொண்ணுங்களும்தான் பறக்கிறாங்க. அப்புறம் ஏன் ஆண், ஆண்னு சொல்றீங்க?

பறக்கிற பெண்களை நானும் பார்க்கிறேன். ஐந்தாம் பதிலில் சொன்ன பதின்வயது மூளை அவர்களுக்கும் உண்டு, போனுக்குள் பார்க்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஆனாலும் நாம் வளர்க்கும் விதம் வேறாக இருக்கிறது. பெண் கொஞ்சம் வேகமாகப் போனால் ஊரே கேட்கும். பையன் போனால், "என் பையன் சென்னையிலிருந்து நாலு மணி நேரத்துல வந்துட்டான்" என்று அப்பாவே டீக்கடையில் பெருமை பேசுவார். குடித்துவிட்டு ஓட்டுவதும் அப்படித்தான். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டினால் முதல்முறையே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம். கல்யாண வீட்டில் குடித்தவரிடம் சாவியைப் பிடுங்க மனைவிக்குத்தான் மனசு வருகிறது, ஆனால் பலருக்கு ஓட்டத் தெரியாது. கடைசியில் அவரே ஓட்டுகிறார், அந்த அம்மா பின்னால் உட்காருகிறார். பெண்கள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

14. விபத்துல செத்தா நஷ்டஈடு குடுக்கும்போதும் வயசு, ஆண் பெண் பார்ப்பாங்களாமே?

வயசு பார்ப்பார்கள். சரளா வர்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் ஓர் அட்டவணை கொடுத்தது. இறந்தவரின் வருஷ வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்து, வயசுக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள். 15 முதல் 25 வயசுக்கு 18, 41 முதல் 45 வரை 14, 65 தாண்டினால் 5.

சம்பளம் இல்லாத இல்லத்தரசிக்கு வருமானம் பூஜ்யம் என்று சொல்லக் கூடாது. கீர்த்தி வழக்கில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. வீட்டு வேலைக்குப் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம் என்ற அரசுக் கணக்கையும் தீர்ப்பில் எடுத்துக்காட்டினார்கள். அம்மாவை இழந்த வீட்டில் யாராவது "சம்பாத்தியம் இல்லையே, என்ன கேட்பது" என்றால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

ஆனால் இதெல்லாம் வேறொரு வண்டி மோதியதற்கு. பையன் தானே வேகமாகப் போய் மீடியனில் மோதினால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் அவனுக்குக் கொடுக்காது. வண்டி உரிமையாளரே ஓட்டியிருந்தால் கட்டாய விபத்துக் காப்பீட்டில் 15 லட்சம் வரை உண்டு. அதற்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். ஏழாம் கேள்வியில் வந்த பதினாறு வயசுப் பையனிடம் அது இல்லை.